கொடுத்த சரக்குக்குக் காசு வாங்குவது எப்படி: 45 நாள் விதியைச் சிறு பட்டறைக்காரர்கள் பயன்படுத்தும் முறை

சரக்கை அனுப்பிவிட்டு மூன்று மாதம், நான்கு மாதம் காசுக்கு அலைகிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். திருநெல்வேலியில் பேட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. அல்வாக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்கிறவர், லேத் வைத்திருப்பவர், பத்தமடையில் பாய் நெய்கிறவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர் என்று பலதரப்பட்டவர்கள். இவர்களுக்குக் கஷ்டம் வருவதெல்லாம் பெரும்பாலும் விற்ற காசு கைக்கு வராமல்தான். "அண்ணாச்சி, இந்த வாரம் கொஞ்சம் டைட்டா இருக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை பாத்துக்கிடுவோம்" என்று கடைக்காரர் சொல்வார், இவரும் "சரி அண்ணாச்சி" என்று போனை வைத்துவிட்டு, கோரை வாங்கிய கடனைக் கொடுக்க வீட்டுக்காரம்மா வளையலை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போவார். இதைப் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்தாகிவிட்டது.

இதற்குச் சட்டம் இருக்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகாமல், காசு கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள்தான். "எங்க கம்பெனி ரூல் 90 நாள்" என்று ஆர்டர் தாளில் அச்சடித்திருந்தாலும் 45-ஐத் தாண்டியது செல்லாது. இவ்வளவு தெளிவாக இருந்தும் பல வருஷம் இந்தச் சட்டத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் மீறினால் வாங்குகிறவருக்கு உடனே வலிக்கிற மாதிரி எதுவும் இல்லாமல் இருந்தது.

அந்த வலி 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் என்று ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள், 2023-24 கணக்கு ஆண்டிலிருந்தே அது பொருந்தியது. கெடு தாண்டியும் கொடுக்காமல் மார்ச் 31 அன்று பாக்கி நிற்கிற தொகையை அந்த வருஷம் செலவாகக் காட்ட முடியாது, எந்த வருஷம் கொடுக்கிறாரோ அந்த வருஷம்தான் செலவு. உங்களுக்கு 5 லட்சம் பாக்கி வைத்திருக்கிற பங்குதாரர் நிறுவனம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த 5 லட்சமும் அவர்கள் லாபத்தில் ஏறிவிடும், 30 சதவீதத்தில் ஒன்றரை லட்சம் வரி, மேலே செஸ் என்ற கூடுதல் வரி. மற்றப் பாக்கிகளில் பலவற்றை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்ற சலுகை உண்டு, இதற்கு மட்டும் அது கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு, விதி அப்படியே தொடர்கிறது.

முதலில் நீங்கள் இந்த வட்டத்துக்குள் வருகிறீர்களா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளை உயர்த்தியிருக்கிறார்கள். இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல், அதாவது வருஷ விற்பனை, 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம், 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் வரை சிறு நிறுவனம். நம்ம ஊர்ப் பட்டறைகளில் அநேகமாக எல்லாமே குறு நிறுவனம்தான். அடுத்த படியான நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கும் இல்லை, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கி வந்து டவுனில் மொத்தமாகக் கொடுக்கிறவர் வியாபாரி. 2021 ஜூலையிலிருந்து அவரும் உத்யம் என்கிற, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவை எடுக்கலாம், ஆனால் அது வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டுமே உதவும், 45 நாளைக் காட்டிக் காசு கேட்க உதவாது. அதே கருப்பட்டியைக் காய்ச்சி மிட்டாய் போட்டு விற்றால் அவர் உற்பத்தியாளர், அவருக்கு உண்டு. கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர், லேத்தில் கடைந்து கொடுப்பவர், கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர், கணக்கு எழுதும் என்னைப் போன்றவர் எல்லாம் சேவை, இவர்களுக்கும் உண்டு.

அடுத்தது உத்யம் பதிவு. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. ஒரு பைசா கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அரசுத் தளம் மாதிரியே பக்கம் போட்டு ஆயிரம் இரண்டாயிரம் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். பதிவில் கவனிக்க வேண்டியது தொழில் குறியீடு. என்னிடம் வந்த ஒரு அட்டைப்பெட்டிக்காரர் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் "சில்லறை வியாபாரம்" என்று இருக்கிறது. பதிவு செய்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் எதையோ தட்டியிருக்கிறார்கள். மனுஷன் நாள் முழுக்க கட்டிங் மிஷின் முன்னால் நிற்கிறார், கையெல்லாம் பசை, காகிதத்தில் வியாபாரி. அதே தளத்தில் திருத்தம் செய்து உற்பத்திக் குறியீட்டைச் சேர்த்தோம், ஆனால் அதற்கு முன் போன பில்களுக்கு வாதாட வழியே இல்லாமல் போய்விட்டது. உங்கள் சான்றிதழை இன்றே எடுத்து அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

பதிவை எப்போது எடுப்பது என்றால், முதல் ஆர்டருக்கு முன்னால். ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்துவிட்டு பழைய சரக்குக்குச் சலுகை கேட்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு அதை வேறுவிதமாகப் பார்த்து, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியது. அந்த வம்பெல்லாம் நமக்கு எதற்கு, பதிவை முன்கூட்டியே எடுத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இனி பில். உத்யம் எண்ணையும் "குறு நிறுவனம், உற்பத்தி" என்பதையும் பில்லில் தெரிகிற இடத்தில் அச்சடித்துவிடுங்கள். ஆர்டர் எடுக்கும்போதே "சரக்கு ஏற்றுக்கொண்ட 30 நாளில் பணம்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, எதிராளி சரி என்று பதில் போட்டதை அழிக்காமல் வைத்திருங்கள்.

அதைவிட முக்கியம் சரக்கு போய்ச் சேர்ந்த தேதி. நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. பத்தமடையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டு நெய்கிற பட்டுப்பாய் செய்கிறவர், சென்னையில் ஒரு கடைக்கு இருபத்திரண்டு பாய் அனுப்பினார். நான்கு மாதம் கழித்து காசு கேட்டால் "பாயில் சாயம் ஒரே மாதிரி இல்லை, அதனால்தான் வைத்திருக்கிறோம்" என்றார்கள். சட்டப்படி குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அக்கா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பார்சல் ஆபீஸ் ரசீதை எல்லாம் வருஷவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார், கடைப் பையன் கையெழுத்தும் தேதியும் போட்ட டெலிவரி சீட்டின் நகல் அதற்குள் இருந்தது. அந்த ஒரு சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினதும் சாயப் பேச்சு நின்றுவிட்டது. ஆகவே லாரிக்காரரிடமோ பார்சல்காரரிடமோ தேதியோடு கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிப்ரவரி 10 அன்று சரக்கை ஏற்றுக்கொண்டார், எழுத்தில் 45 நாள் என்று இருக்கிறது, கெடு மார்ச் 27. அது தாண்டினாலும் மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் அவருக்கு அந்த வருஷமே செலவு கிடைத்துவிடும், ஏப்ரலுக்குத் தள்ளினால்தான் அடி. அதனால் பிப்ரவரி கடைசி வாரத்தில் பாக்கிப் பட்டியலை அனுப்புங்கள், மார்ச் இரண்டாம் வாரம் ஒருமுறை போன் போடுங்கள். அந்தச் சமயத்தில் பெரிய கடைகளின் ஆடிட்டர்கள் "நீங்கள் குறு, சிறு நிறுவனமா" என்று கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். அதை விளம்பரம் என்று நினைத்துத் தூரப் போடுகிறார்கள் நம்ம ஆட்கள். தயவுசெய்து அன்றைக்கே உத்யம் சான்றிதழோடு பதில் போடுங்கள், உங்கள் பாக்கியைக் கொடுக்கச் சொல்லி அவர்கள் முதலாளியிடம் பேசப்போவதே அந்த ஆடிட்டர்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவர் சின்னக் கடைக்காரர், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி (பழைய சட்டத்தில் 44ஏடி பிரிவு) வரி கட்டுகிறார் என்றால் இந்த வரி அடி அவருக்கு விழாது. அவரிடம் 2006 சட்டத்தின் கெடுவையும் வட்டியையும் மட்டும்தான் பேச முடியும். ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் காசு கொடுக்காவிட்டால், அந்தப் பில்லில் உள்ள வரியைத் தன் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டதை (உள்ளீட்டு வரி) அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

வட்டி சாதாரண வட்டி இல்லை. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 டிசம்பரில் பேங்க் ரேட் 5.5 சதவீதம் ஆனது, மூன்று மடங்கு 16.5. இரண்டு லட்சம் பாக்கிக்கு முதல் மாதம் 2,750 ரூபாய், ஆறு மாதம் போனால் மொத்தம் 17,000 ரூபாய் சொச்சம். இந்த வட்டியை அவர் வரிக்கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

எழுதிக் கேட்கும்போது கோபமாக எழுத வேண்டாம், நாளைக்கும் அவரிடம்தான் விற்கப் போகிறோம். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்: "அன்புள்ள அண்ணாச்சி, பில் எண் இன்னது, தேதி இன்னது, தொகை இவ்வளவு. சரக்கை இந்தத் தேதியில் பெற்றுக்கொண்டீர்கள், குறை எதுவும் தெரிவிக்கவில்லை. எங்களுடையது உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம், எண் இன்னது. 2006 சட்டப்படி கெடு இந்தத் தேதியோடு முடிந்தது. ஏழு நாளுக்குள் செலுத்திவிட்டால் வட்டி கேட்கப்போவதில்லை." இவ்வளவுதான். பாதிப் பேருக்கு இதற்கே காசு வந்திருக்கிறது.

2024 மார்ச்சில் நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. விதி வந்த முதல் வருஷம், ஒரு பெரிய கடை எங்கள் பெட்டிக்காரருக்கு இரண்டு வேன் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, "உத்யம் நம்பர் இல்லாம பில் போடுங்க, இல்லைனா வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்" என்றது. வீட்டில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் அவர் பில்லிலிருந்து நம்பரை நீக்கவில்லை, 45 நாளை எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார், ஜூனில் அதே கடை திரும்பி வந்தது. எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்லமாட்டேன், ஒரே ஒரு கடையை நம்பி ஓட்டுகிறவருக்கு இது நிஜமான ஆபத்து. அப்படிப்பட்டவர் முதலில் இன்னும் இரண்டு கடை பிடித்துக்கொண்டு அப்புறம் கறாராகப் பேசுவது நல்லது.

கேட்டும் வரவில்லை என்றால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கிற வசதியாக்க மன்றம், ஆபீசில் பெசிலிட்டேஷன் கவுன்சில் என்பார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், முன்பு சமாதான் தளம், 2025-ல் இணையவழித் தகராறு தீர்வுக்கென்றே தனித் தளமும் வந்திருக்கிறது. எதில் போடுவது, நம் வழக்கு எந்த மன்றத்துக்குப் போகும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் சான்றிதழ், ஆர்டர், பில், டெலிவரி சீட்டு, வட்டிக் கணக்கு, நீங்கள் அனுப்பிய கடிதம், இவைதான் தேவை. வாங்கினவர் மும்பையில் இருந்தாலும் விற்றவர் இருக்கிற இடத்து மன்றத்துக்கு அதிகாரம் உண்டு, நாம் அங்கே ஓட வேண்டியதில்லை. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் கூடுதலாக இழுக்கும். தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். மூன்று வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள், காலாவதியான பாக்கியை நடுவர் விசாரணையில் வாங்க முடியாது.

விண்ணப்பம் போட்ட மறுவாரமே பெரும்பாலும் போன் வரும், "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம், வாங்க பேசிக்கிடலாம்" என்று. போய்ப் பேசுங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள், தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் வரப்போகிற தேதி போட்ட செக்கை வாங்கிக்கொண்டு அங்கேயே மனுவை வாபஸ் வாங்குகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணம் பேங்க் கணக்கில் ஏறி மெசேஜ் வந்த பிறகு போடலாம்.