அனிமோன் வெளுத்தால் செய்யக் கூடாதவை

பால்வெள்ளை உடம்பு, ஊதா நுனி. கடைத் தொட்டியில் இப்படி ஒரு அனிமோனை, அதாவது பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற கடல் விலங்கைப் பார்த்தால் மனம் மயங்கத்தான் செய்யும். தயவுசெய்து வாங்காதீர்கள். செபே என்று விற்கப்படும் இந்த அனிமோன் (கடல் சாமந்தி) நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தால் பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் தரும் நிறம் அது. ஒளியிலிருந்து உணவு தயாரித்து அனிமோனுக்கு ஊட்டுவதும் அவைதான். வெளுத்துவிட்டது என்றால் பாசி வெளியேறிவிட்டது, அது அரைப்பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ நீலமோ ஒரே சீராகப் படிந்திருந்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டில் இருப்பது வெளுக்கத் தொடங்கினால் பலரும் முதலில் விளக்கைக் கூட்டுவார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய தவறு. பாசி குறைந்த உடம்பு திடீர் வெளிச்சத்தில் இன்னும் வெளுக்கும். ஒளியைக் குறைத்து வைத்து, மூன்று நான்கு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதுவரை வாரம் இரண்டு முறை தீனி கொடுங்கள். பட்டாணி அளவு இறால் துண்டை இடுக்கியால் பிடித்து, வாயைச் சுற்றியுள்ள கைக்கொடிகளில் தொட்டால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கொடிகள் ஒவ்வொன்றாக மடிந்து, துண்டு வாய்ப்பக்கம் போவதைப் பார்க்கலாம். பெரிய துண்டு வேண்டாம். மறுநாள் கொழகொழவென்று கக்கிவிடும், தண்ணீரும் கெடும். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

அவ்வப்போது சுருங்கி, பழுப்புக் கழிவைத் தள்ளிவிட்டு மறுபடி விரியும். இது இயல்புதான், குத்திப் பார்க்காதீர்கள். ஆனால் வாய் பிளந்தே கிடந்து, சதை கரைந்து நாற்றம் வந்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மற்ற உயிர்களும் போய்விடும்.

தொட்டி அமைத்து ஆறு மாதமாவது ஆகாமல் அனிமோன் விடாதீர்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்புநீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் நிலையாக இருக்கட்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத சுத்தமான நீரைத்தான் ஊற்ற வேண்டும். பாறையில் ஒட்டியதைப் பிடித்து இழுத்தால் அடிப்பாதம் கிழியும், அந்தக் காயம் ஆறுவது கஷ்டம். பம்பின் வாய்க்கு வலை கட்டுங்கள், இடம் தேடி ஊரும் அனிமோன் அதில்தான் சிக்கும். மீனுக்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பதானால் வேறு தொட்டியில் வைத்துக் கொடுங்கள். அனிமோனுக்குச் செம்பு விஷம்.