பள்ளியில் தரும் நீல மாத்திரை

பிள்ளை ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ அரசுப் பள்ளியில் படிக்கிறதா? வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். "வயிற்றைப் புரட்டுது" என்று பல பிள்ளைகள் அதை நைசாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குப் புரட்டத்தான் செய்யும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடிக்காமல், நிறைய தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்காவது டீ, காபி, பால் வேண்டாம். இரும்பு உடம்பில் சேர்வதை அவை குறைத்துவிடும். நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால் நல்லது, நன்றாகச் சேரும்.

அப்புறம், மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம். பயப்பட வேண்டாம், இரும்பின் வேலைதான் அது. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் மாத்திரையை நிறுத்துவது இதைப் பார்த்துத்தான் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று: பையில் தங்கிய மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். மிட்டாய் என்று நினைத்துச் சின்னக் குழந்தை நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பள்ளிக்கு வரும் செவிலியரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.