அப்பாவும் ஐந்து கட்டையும்

பக்கவாதம் வந்து மூன்றாவது மாதம். அப்பாவின் வலது கை டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. பந்தை அமுக்கச் சொன்னால் எரிச்சல்தான் வரும். சரி என்று பரணில் கிடந்த கீபோர்டை இறக்கினேன். கட்டைவிரல் ச, சுண்டுவிரல் ப, நடுவில் மூன்று. முதல் வாரம் 'ம' தனியாக அழுந்தவே இல்லை, மோதிர விரல் பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டு போகும். தப்பு உடனே காதில் விழுவதால் அவரே திருத்திக்கொண்டார். தினமும் 15 நிமிடம்தான்; மீறினால் தோள் மேலேறிவிடும்.

அப்பாவுக்குப் பேச்சும் போயிருந்தது. பேச்சு போனவர்களுக்கும் பாட்டு மிஞ்சுவதுண்டு என்றார் ஸ்பீச் தெரபிஸ்ட். அவர் காட்டியபடி இடது கையால் தாளம் தட்டி, "தண்-ணி வே-ணும்" என்று இரண்டே சுரத்தில் இழுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் அப்பா தாளம் தட்டாமலே, "காபி வேணும்" என்றார். சர்க்கரை போடாமல் கொடுத்தோம். முறைத்தார்.