பழைய விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் என்ற வீடியோ கேசட் முறையை 1976இல் கொண்டுவந்தது. கேசட்டை ஓட்டும் கருவியான விசிஆரின் தயாரிப்பைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கேபிளைச் செருக இப்போது பல டிவிகளில் இடமே இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். கேசட் பத்திரமாக இருந்தும் அதை ஓட்ட ஆளில்லாத நிலை சீக்கிரமே வந்துவிடும். வீட்டு வீடியோ கேசட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் கேசட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் முன்மூடி திறக்கும். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை விசிஆரில் போடவே கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், முதுகுப் பக்கம் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. அப்புறம் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். டேப்பின் இறுக்கம் சீராகும்.

அடுத்தது இணைப்பு. விசிஆரிலிருந்து யுஎஸ்பி கேப்சர் கருவிக்கு (படத்தையும் ஒலியையும் கணினி ஏற்கும்படி மாற்றும் சின்னக் கருவி), அங்கிருந்து கணினிக்கு. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது ஒலிக்கு, சிவப்பு வலது ஒலிக்கு. உங்கள் விசிஆரில் எஸ்-வீடியோ என்ற இணைப்பு இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் கேபிள் இரண்டையும் கலந்து அனுப்புகிறது. மறுமுனையில் பிரிக்கும்போது விளிம்புகளில் புள்ளிகள் ஊர்கின்றன. எஸ்-வீடியோ கலக்காமலே அனுப்பிவிடும். ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் மலிவுப் பெட்டிகளை இந்த வேலைக்கு நான் சொல்லவே மாட்டேன். படத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பெரிதாக்கிவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

மென்பொருளுக்கு விர்ச்சுவல்டப் போதும், இலவசம். இந்திய டிவி முறையான பால் (PAL) கேசட் என்றால் 720x576, நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படங்கள். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்றால் 720x480, 29.97 ஃபிரேம். ஹஃப்ஒய்யுவி போன்ற தரமிழக்காத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி போகும், போகட்டும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்டுகள் உண்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில் பதிந்தவை. அதனால் படத்தை நிறுத்திப் பார்த்தால், அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். அது கோளாறு இல்லை. இந்தச் சீப்புப் பல்லை நீக்கும் டீஇன்டர்லேஸைப் பதியும்போதே செய்யாதீர்கள். அசல் கோப்பு அப்படியே இருக்கட்டும். பார்ப்பதற்கான பிரதியை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் தனியாக எடுங்கள், ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கும் ‘பாப்’ (Bob) என்ற தேர்வோடு. பால் படம் நொடிக்கு 50 ஃபிரேமாக விரிந்து, அசைவு பழைய டிவியில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு ஓடும்.

படத்தின் அடியில் நெளியும் சிறு பட்டை எல்லா விஎச்எஸ்ஸிலும் இருப்பதுதான், பிரதியில் வெட்டிவிடலாம். படத்தில் பனி போலக் கோடுகள் ஓடினால் விசிஆரின் டிராக்கிங்கை (ஹெட் டேப்பைச் சரியாகப் படிக்கச் செய்யும் அமைப்பு) மெதுவாக நகர்த்துங்கள்.

முடிந்ததும் கோப்பின் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். உதடும் குரலும் ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் ஃபிரேம்கள் விடுபட்டிருக்கின்றன. மற்ற மென்பொருள்களை மூடிவிட்டு மறுபடி பதியுங்கள். சரியாக இருந்தால் அசல் கோப்பை இரண்டு வட்டுகளில் வையுங்கள், கேசட்டையும் தூக்கி எறியாதீர்கள்.