பாஷ் லூப்பில் வேரியபிள் கலந்துபோகாமல் இருக்க

பாஷில் (லினக்ஸ் டெர்மினலில் கமாண்டுகளை இயக்கும் ஷெல்) ஃபங்ஷனுக்குள் எழுதும் வேரியபிளும், நாம் வேறு ஏதும் சொல்லாதவரை, குளோபல்தான், அதாவது ஸ்கிரிப்ட் முழுவதற்கும் பொது. இதன் வம்பு லூப்பில்தான் நன்றாகத் தெரியும்.

மெயின் லூப் சி மொழிப் பாணி ஃபார் என்று வையுங்கள். ஐ என்ற வேரியபிள் 1-ல் தொடங்கி 3 வரை ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த ஃபங்ஷனுக்குள்ளும் ஒரு லூப், அதற்கும் அதே ஐ, 0 முதல் 4 வரை. உள் லூப் முடியும்போது ஐ-யில் 5 இருக்கும். வெளி லூப் அதை 6 ஆக்கி, 3-ஐத் தாண்டிவிட்டது என்று நின்றுவிடும். மூன்று சுற்றுக்குப் பதில் ஒன்று; எர்ரரும் வராது. உள் லூப் 0, 1 என்று இரண்டே சுற்று என்றால் இன்னும் மோசம்: ஐ 2-ல் நிற்கும், வெளியே 3 ஆகும், உள்ளே போனதும் மறுபடி 2. கண்ட்ரோல் சி அடிக்கும்வரை ஓயாது.

'ஃபார் ஐ இன்' வகையில் பட்டியல் முதலிலேயே விரிந்துவிடுவதால் சுற்று குறையாது. ஆனால் ஃபங்ஷனை அழைத்த வரிக்குக் கீழே ஐ-யில் இருப்பது வேறு மதிப்பு. அந்த இடத்தில் ஃபைலை அழிக்கும் கமாண்ட் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஃபங்ஷனின் முதல் வரியில் 'லோக்கல் ஐ' என்று எழுதுங்கள்; வெளியே உள்ள ஐ மாறாது. மற்றதையெல்லாம் லோக்கல் ஆக்கிவிட்டு லூப் வேரியபிளை மறப்பதுதான் வழக்கம். அழைக்கும் ஃபங்ஷனில் மட்டும் லோக்கல் போட்டால் போதாது: அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கும் அந்த ஐ தெரியும், மாற்றவும் முடியும். ஃபங்ஷனுக்கு வெளியே லோக்கல் எழுதினால் எர்ரர்தான்.

ஒரு கமாண்டின் விடையை லோக்கல் வரியிலேயே வாங்காதீர்கள். கமாண்ட் தோற்றாலும் லோக்கல் ஜெயித்ததால் எக்ஸிட் கோட் 0 (வெற்றி) என்றே வரும். அறிவிப்பு ஒரு வரி, மதிப்பு அடுத்த வரி.

பைப்பில் (ஒரு கமாண்டின் அவுட்புட்டை அடுத்ததற்கு அனுப்பும் | குறி) சிக்கல் தலைகீழ். ஃபைலை கேட் செய்து பைப் வழியே, வரி வரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப்புக்கு அனுப்பி வரிகளை எண்ணினால், லூப் முடிந்ததும் கவுண்ட் 0 என்றே இருக்கும். லூப் ஓடியது சப்ஷெல்லில், அதாவது பாஷ் தனியாகத் தொடங்கும் நகலில். எண்ணிக்கை அதோடு போய்விட்டது. பைப்பை எடுத்துவிட்டு, லூப்பை முடிக்கும் டன்-க்குப் பிறகு < போட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பாஷ் 4.2 முதல் ஷாப்ட் கமாண்டில், பைப்பின் கடைசிக் கமாண்டை சப்ஷெல் இல்லாமல் ஓட்டும் லாஸ்ட்பைப் ஆப்ஷனும் உண்டு. ஸ்கிரிப்ட்டில் வேலை செய்யும் இது, டெர்மினலில் நேரடியாக அடித்துப் பார்த்தால் செய்யாது. அங்கே ஜாப் கண்ட்ரோல் (பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் வசதி) ஆனில் இருப்பதுதான் காரணம்.