ஓப்பன் சோர்ஸ் போட்டு சாஃப்ட்வேர் விற்கிறீர்களா? லைசென்ஸில் வாரண்டி பற்றிய பத்தியைப் படித்துவிடுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வேறொருவர் எழுதிப் பொதுவில் விட்ட கோட்) கிராம் கணக்கைத் தப்பாக ரவுண்ட் செய்ய, சேதாரம் குறைந்து விழுந்து பட்டறைக்காரருக்கு நஷ்டம். அவர் உங்களைத்தான் கேட்பார். நீங்கள் அந்த லைப்ரரி எழுதியவரைக் கேட்க முடியாது.

ஏன் என்று அதன் லைசென்ஸ் ஃபைலைத் திறந்தால் தெரியும். பலரும் பயன்படுத்தும் மூன்று ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களை எடுத்துக்கொள்வோம்: எம்.ஐ.டி. லைசென்ஸில் கடைசிப் பத்தி, ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பில் 15, 16ஆம் பிரிவுகள், அப்பாச்சி 2.0-இல் 7, 8. எல்லாம் சொல்வது இரண்டே விஷயம்: வாரண்டி கிடையாது, நஷ்டம் வந்தால் பொறுப்பும் கிடையாது. முதல் இரண்டிலும் இதைக் கேப்பிட்டல் எழுத்தில் போட்டிருப்பார்கள், காரணம் அமெரிக்க வணிகச் சட்டம். விற்கும் பொருள் சுமாரான தரத்திலாவது இருக்கும், வாங்குபவர் சொன்ன தேவைக்கு உதவும் என்று சட்டமே சில உத்தரவாதங்களை ஊகித்துக்கொள்கிறது. அவற்றை மறுப்பதென்றால் கண்ணில் படும்படி மறுக்க வேண்டும். நம் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் (1930) 16ஆம் பிரிவில் இதே மாதிரி உத்தரவாதங்கள் உண்டு.

அந்தப் பத்தியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். முழு லைசென்ஸையும் அப்படியே உங்கள் சாஃப்ட்வேரோடு சேர்த்துக் கொடுங்கள். காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அது.

ஆனால் அது அவருக்கான பாதுகாப்பு, உங்கள் கஸ்டமரிடம் அதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். உங்களுக்கு வேண்டியதைக் கொட்டேஷனிலேயே தமிழில் எழுதுங்கள்: எத்தனை மாதம் பிழை திருத்தித் தருவீர்கள், பேக்கப் யார் எடுப்பது, அதிகபட்சம் எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு. ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குச் செய்வதென்றால், கரண்ட் போய் டேட்டா கெட்டால் யார் பார்ப்பது என்பதையும் சேருங்கள்.

அப்புறம் ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். அதற்குப் பணம் வாங்குவது தப்பு என்று சிலர் தயங்குகிறார்கள், தயங்கவே வேண்டாம், வாரண்டிக்கும் சப்போர்ட்டுக்கும் கட்டணம் வாங்கலாம் என்று ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் 4ஆம் பிரிவே சொல்கிறது. அப்பாச்சியிலும் வாரண்டி தரலாம், ஆனால் உங்கள் பெயரில் மட்டும். அதனால் கோட் எழுதியவர்கள் மேல் வழக்கு வந்தால் அந்தச் செலவும் உங்களுடையது என்கிறது 9ஆம் பிரிவு.

சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் இந்த மறுப்புகள் செல்லும், அதை ஜி.பி.எல்.லும் அப்பாச்சியும் தாங்களே ஒப்புக்கொள்கின்றன. தெரிந்தே ஏமாற்றிவிட்டு எந்தப் பத்தியையும் காட்ட முடியாது. தொகை பெரிது என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.