ஸ்லாக் அட்ஜஸ்டரை இறுக்கும்போது

லாரி, பஸ்ஸின் ஏர் பிரேக்கில், உராய்ந்து பிடிக்கும் லைனிங்குக்கும் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்தான் ஸ்லாக் அட்ஜஸ்டர். அதை இறுக்க, முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். டேங்க்கில் காற்று நிரம்பியதும் பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் பிடித்திருக்கும்போது அட்ஜஸ்ட் செய்தால் அளவு தப்பாகவே வரும்.

அப்புறம் அட்ஜஸ்டர் போல்ட்டைச் சுற்றியுள்ள பூட்டு வளையத்தை ஸ்பானரால் அழுத்திக்கொண்டே போல்ட்டைத் திருப்புங்கள். லைனிங்கை டிரம்மில் தள்ளும் எஸ் வடிவ கேம், பிரேக் பிடிக்கும் திசையில் சுழல வேண்டும். லைனிங் டிரம்மில் முட்டியதும் போல்ட் சட்டென்று கெட்டியாகும். அங்கிருந்து கால் முதல் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். பூட்டு வளையம் மறுபடி வெளியே வந்து போல்ட் தலையைப் பிடித்திருக்கிறதா? ஒருமுறை இதைப் பார்க்காமல் விட்டேன்; சில நாளில் அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை. இன்றும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன்.

ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர் என்றால் கையால் இறுக்கிச் சமாளிக்காதீர்கள். தேய்ந்துபோன இணைப்புப் பின்னோ (pin) புஷ்ஷோ (bush) அட்ஜஸ்டரோ, பழுது எதில் என்று தேடுங்கள்.